யூரியா கடனை அடைக்கும் ஒரகடம் சம்பளம்

எங்கள் உரக்கடையில் கடன் வசூலாகும் தேதி மாறிப் பல வருஷம் ஆகிறது. குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் நடுவில் இருக்கிற கடை. அப்பா கல்லாவில் உட்கார்ந்த காலத்தில் பெரிய வசூல் என்றால் வருஷத்துக்கு இரண்டு தடவைதான். தை மாசியில் சம்பா அறுத்து நெல் போட்ட பணம் வரும்போது ஒன்று, ஆலைக்கு வெட்டிவிட்ட கரும்புக்குப் பணம் வரும்போது இன்னொன்று (இது எந்த மாசம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது). நடுவில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கினால் கொஞ்சம் சில்லறை புரளும். மற்ற நாளெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான். இப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதிக்கும் ஏழாம் தேதிக்கும் நடுவில் போனில் பணம் விழுகிறது. அனுப்புகிறவர் பெயரைப் பார்த்தால் நம் நோட்டில் இருக்கிற பெயர் கிடையாது. சென்னைப் பக்கத்து ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிற மகன், திருப்பூரில் இருக்கிற தம்பி, சிங்கப்பூரில் இருக்கிற மருமகன். ஆறுமாதப் பாக்கியை ஒரே தடவையில் அடைக்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள், மாதாமாதம் இரண்டாயிரம் மூவாயிரம் என்று கழிக்கிறவர்கள்தான் அதிகம்.

"அறுத்ததும் தர்றேன் தம்பி" என்று கடன் சொன்ன காலம் போய், "பையன் ஒண்ணாந்தேதி போட்டுவுடுவான் தம்பி" என்று ஆகியிருக்கிறது. விவசாயத்தில் வரும் பணத்தில் குடும்பத்தை நடத்தினவர்கள், இப்போது குடும்பத்துக்கு வரும் சம்பளத்தில் விவசாயத்தை நடத்துகிறார்கள். எங்கள் பக்கத்தில் நடந்திருக்கும் பெரிய பொருளாதார மாற்றம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் இது எந்தப் புள்ளிவிவரத்திலும் நேராகத் தெரியாது.

புள்ளிவிவரத்தில் தெரிவது வேறு. 2024-25ல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது என்று செய்தி வந்தது. அதற்கு முன்னால் வந்த மதிப்பீடு 9.69. அந்த முதல் மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தால், சேவைத் துறையும் தொழில் துறையும் நன்றாக ஏறியிருக்கின்றன, விவசாயம் அடங்கிய முதன்மைத் துறை கால் சதவீதம்கூட வளரவில்லை. எண் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் காலை ஷிப்ட் நேரத்தில் நின்று பார்த்தால் அந்த வளர்ச்சி கண்ணெதிரே பஸ் பஸ்ஸாகப் போகும். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இன்னொரு கதை இருக்கிறது. 2001ல் தமிழ்நாட்டில் வேலை செய்கிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், 2011ல் அது 42 சதவீதமாகக் குறைந்தது. சரி, மாற்றம் நடக்கிறது என்று தோன்றும். தலைகளை எண்ணிப் பாருங்கள். சொந்தமாகப் பயிரிடுகிறவர்கள் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்திருக்கிறார்கள். விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடியிருக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் பத்து வருஷத்துக்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய அதே 138 லட்சம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வேறு பக்கம் போயிருக்கிறார்கள். நிலத்தில் இருந்தவர்கள் நிலத்திலேயே இருக்கிறார்கள், உழுகிறவராக இருந்த ஆள் கூலியாகியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஏன் என்பது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் ஒருவர் கையில் இருக்கும் சராசரி நிலம் 2015-16 கணக்குப்படி 0.75 ஹெக்டேர். எங்கள் பேச்சில் சொன்னால் ஒன்றரைக் காணிக்குக் கொஞ்சம் குறைவு (காணி என்பது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல்). 2025-26 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு அரசு கொடுத்தது குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டால் 60,000. அதில் உழவு, நாற்றங்கால், அண்டை வெட்டு, நடவு, இரண்டு களை, உரம், மருந்து, அறுப்பு மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, மழை பெய்து வயல் சேறானால் டயர் வண்டி இறங்காது என்று பெல்ட் வண்டிக்கு அதிக வாடகை, அப்புறம் மூட்டை ஏற்றி இறக்கும் கூலி என்று எல்லாம் போனால் பாதிக்கு மேல் கரைந்துவிடும். நாலு மாதம் வயலில் நின்று மிஞ்சுகிற காசை ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்த பையன் இரண்டு மாதத்தில் வாங்கிவிடுகிறான். இத்தனைக்கும் உர விலையில் அரசு பெரும்பகுதியைச் சுமக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. அதுவே மூட்டை 50 கிலோவாக இருந்தது 2018 வரை, மூட்டையைச் சின்னதாக்கினால் போடுவதும் குறையும் என்று நினைத்தார்களாம். காணிக்கு ரெண்டு மூட்டை போட்டவர் இப்போதும் ரெண்டு மூட்டை என்று கேட்கிறார், பத்தாது போலிருந்தால் திரும்ப வந்து இன்னொன்று வாங்கிப் போகிறார். 

இப்படி இருக்கையில் நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பொருளாதாரம் படித்தவர்கள் ஆர்தர் லூயிஸ் பெயரைச் சொல்வார்கள். 1954ல் அவர் எழுதியதன் சாரம் இது: விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆள் தேங்கிக் கிடக்கிறது, தொழிற்சாலை வந்தால் அந்த ஆள் அங்கே நகரும், தேங்கியிருக்கும் ஆள் தீர்கிற வரை கூலி ஏறாது, தீர்ந்த பிறகு இரண்டு பக்கமும் ஏறும். 1979ல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் முதல் பாதி சரியாக இருக்கிறது. பையன்கள் போனார்கள். ஆனால் அவர்கள் முழுசாகப் போகவில்லை. ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பட்டா அப்பா பெயரில் இங்கே, மனைவி குழந்தைகூடப் பல பேருக்கு இங்கேதான்.

காரணம் மண்ணின் மேல் பாசம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்குத் தெரிந்து காரணம் கழுத்தில் தொங்கும் அந்த அடையாள அட்டை. கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், கீழே சின்னதாகக் காண்ட்ராக்டர் பெயர் இருக்கும். இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆனதும் "அப்புறம் கூப்பிடறோம்" என்று அனுப்பிவிடுவார்கள், பையன் வேறு கம்பெனி வாசலில் போய் நிற்பான். முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் லைனில் நிற்க ஆள் எடுப்பது அரிது. அறுபது வயது வரைக்குமான வேலை என்று நம்ப முடியாத வேலையை வைத்துக்கொண்டு எவன் ஒன்றரைக் காணியை விற்பான்? ஆகவே மாதாமாதம் மூவாயிரம் அனுப்பி நிலத்தை உயிரோடு வைத்திருக்கிறான். நம்மூர்க்காரர்கள் சீட்டுக் கட்டுவது மாதிரி அவன் உரக்கடைக்குக் கட்டுகிறான்.

நிலத்தை மறக்க வைத்த வேலைகளும் இந்தப் பக்கத்தில் இருந்தன. புதுச்சேரியில் ரோடியர் மில் என்று எல்லோரும் சொல்லும் ஏ.எஃப்.டி. 1898ல் தொடங்கியது. பாகூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் மில்லுக்குப் போனார்கள். 1936 ஜூலை 30ல் மில் தொழிலாளர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள், அந்தப் போராட்டத்தால்தான் பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. மில் வேலை என்றால் பி.எஃப்., போனஸ், தீபாவளிக்குத் துணி, பெண் கொடுக்க வரிசை. அந்த வேலை கிடைத்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை ஏர் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. 2020ல் மில்லை ஒரேயடியாக மூடினார்கள். புதுச்சேரியில் அதற்கு முன்னாலேயே வரிச் சலுகையை நம்பி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு எஸ்டேட்டுகளுக்குக் கம்பெனிகள் வந்திருந்தன. 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி வித்தியாசம் போயிற்று. அங்கேயும் இன்றைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் காண்ட்ராக்டில்தான்.

நெய்வேலியைச் சொல்லாமல் கடலூர் மாவட்டத்தில் யாரும் தொழில் பற்றி எழுத முடியாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. விவசாயத்துக்குத் தோண்டின கிணற்றில்தான் இந்தப் பக்கத்தின் தொழில்மயமே தொடங்குகிறது. அது பழுப்பு நிலக்கரி. 1956ல் அதை வெட்டியெடுக்கும் நிறுவனம் (என்.எல்.சி.) வந்தது. பழைய தலைமுறையில் நிரந்தர வேலை கிடைத்தவர்களின் வீடுகளை இன்றைக்கும் பார்த்தாலே தெரியும். பிறகு நிலம் கொடுத்தவர்களுக்கு நிரந்தர வேலை என்பது தீராத கோரிக்கையாகவே நிற்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெல் வயலில் கால்வாய் வெட்ட இயந்திரம் இறங்கிய காட்சியை நாடே பார்த்தது, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. இழப்பீடு எவ்வளவு என்று சண்டை நடப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். பணமாகக் கொடுத்தால் அது வீடாகவோ கல்யாணமாகவோ பைக்காகவோ ஆகிவிடும், மாதாமாதம் வராது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கொரோனா வந்தபோது இதெல்லாம் வெளிப்படையாகத் தெரிந்தது. 2020ல் ஊரடங்கு போட்டதும் பையன்கள் அத்தனை பேரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். வருஷக்கணக்காகத் தரிசாகக் கிடந்த புஞ்சைக் கொல்லையில் எல்லாம் உளுந்து விதைத்தார்கள். கடையில் நல்ல வியாபாரம் என்று சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் நல்ல வியாபாரம்தான். நாடு முழுக்க இதே கதை என்பதைத் தொழிலாளர் கணக்கெடுப்பு காட்டுகிறது. இந்தியாவில் வேலை செய்கிறவர்களில் விவசாயத்தில் இருப்பவர்கள் 2018-19ல் 42.5 சதவீதம். அடுத்த வருஷமே 45.6. சரி, நோய் போனால் இறங்கிவிடும் என்று நினைத்தார்கள். 2023-24லும் 46.1ல் நின்றது. கூடினதில் பெரும்பங்கு பெண்கள். பையன் திரும்பக் கம்பெனிக்குப் போய்விட்டான், வயலைப் பார்த்துக்கொள்ள மனைவியோ அம்மாவோ நிற்கிறாள், கணக்கெடுக்க வருகிறவர் அவளை விவசாயத்தில் எழுதிக்கொள்கிறார். அவளுக்குச் சம்பளம் கிடையாது.

பெண்கள் விஷயத்தை நான் கடையிலேயே பார்க்கிறேன். உரம் வாங்க ஆதார் எண்ணைத் தட்டி பி.ஓ.எஸ். மிஷினில் விரல் வைக்க வேண்டும். கணவர் வெளியூர் என்பதால் மூட்டை வாங்க வருகிறவர்களில் பெண்கள் நிறைய. அதில் காடாம்புலியூர், பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற பெண்கள் வந்தால் மிஷின் திணறும். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, ரேகை தேய்ந்து போகும். "இந்த வெரலு எடுக்காது தம்பி, மோதிர வெரலப் பாருங்க" என்று அவர்களே வரிசையாக ஒவ்வொரு விரலாக வைப்பார்கள். வலது கை முடிந்து இடது கைக்கு வந்து, புடவையில் துடைத்துத் திரும்ப வைத்து, எதுவும் எடுக்காமல் கடைசியில் மாமியாருக்குப் போன் போட்டு வரச் சொல்வார்கள். மாமியாருக்கு வயசு எழுபது, அவர் விரலும் சுலபத்தில் எடுக்காது.

அந்தக் கொட்டையாவது நம்மூர்க் கொட்டையா என்றால், பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கொட்டை. ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்ததில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் வேரோடு சாய்ந்தன, அதற்கு முன்பே ஆலைகளின் பசிக்கு உள்ளூர் விளைச்சல் போதவில்லை. ஆக ஆப்பிரிக்காவில் விளைந்ததைக் கடலூரில் உடைத்து எங்கெங்கோ அனுப்புகிறோம். இது உற்பத்தித் தொழில் கணக்கில் வரும். அதே பெண் நடவு நேரத்தில் நடவுக்குப் போகிறாள், வேலை இல்லாத நாளில் ஏரி வேலைக்குப் போகிறாள் (நூறுநாள் வேலைத் திட்டம் 2006ல் முதலில் வந்த ஆறு தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று). இவள் விவசாயத் துறையா, தொழில் துறையா? வாரத்தின் எந்த நாளில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது சாதாரண விஷயம் இல்லை, வேறு எந்த மாநிலமும் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் இருப்பது சென்னையைச் சுற்றியும் ஓசூர், கோவை, திருப்பூர்ப் பக்கமும். எங்களுக்குப் பக்கத்தில் உளுந்தூர்பேட்டையில் தைவான்காரர்களின் காலணி ஆலைக்கு 2023ல் ஒப்பந்தம் போட்டார்கள், 20,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். அதில் பாதி நடந்தாலும் முதலில் காலியாவது முந்திரிக் கொட்டகைதான் என்பது என் எண்ணம். கொட்டை உடைக்கிற கூலி ஏறும். லூயிஸ் சொன்ன இரண்டாம் பாதி இந்த மாவட்டத்தில் நடக்குமா என்பதை நான் அங்கேதான் பார்ப்பேன். பங்குச் சந்தையைப் பார்த்து என்ன தெரியப்போகிறது?

ஆள் குறைந்ததில் நிலமும் மாறியிருக்கிறது. வானம் பார்த்த கொல்லைகளில் சவுக்கு ஏறிக்கொண்டே போகிறது. நட்டு ஒரு வருஷம் தண்ணீர் காட்டினால் போதும், நாலைந்து வருஷம் கழித்து காகித ஆலைக்கோ சாரத்துக்கோ வெட்டிக்கொள்ளலாம், நடுவில் திரும்பிப் பார்க்க வேண்டாம். வெளியூரில் சம்பளத்துக்கு இருப்பவனுக்கு ஏற்ற பயிர். எனக்கு ஏற்ற பயிர் இல்லை, சவுக்குக்காரர் உரக்கடைப் பக்கம் வருவதே அபூர்வம். நாலுவழிச் சாலை போகிற வழியில் இருக்கும் நிலத்தில் வீட்டு மனை என்று கலர் கல் நட்டாயிற்று. நெல் வைத்திருக்கிற இடங்களில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒரு குழுவாக இறங்கி, கயிறு பிடித்து, மத்தியானத்துக்குள் ஒரு காணியை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். நம் பையன் ஒரகடத்தில் காண்ட்ராக்ட், அவன் அப்பா வயலில் வங்காளப் பையன் காண்ட்ராக்ட்.

வெளி ஆளை வைத்து நடவு செய்வதில் பஞ்சாப் நமக்கு ரொம்ப வருஷம் மூத்தது. அங்கே பீகாரிலிருந்து வந்தார்கள். விவசாய மாநிலம் என்றால் எல்லோரும் பஞ்சாபைக் காட்டுவார்கள், "அவங்களைப் போல விலை கொடுத்தால் நம்ம பையன் ஏன் கம்பெனிக்குப் போறான்" என்று கடையில் அடிக்கடி ஒரு பெரியவர் கேட்பார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 1970 வாக்கில் பஞ்சாபில் நெல் 4 லட்சம் ஹெக்டேரில்தான் இருந்தது. அவர்கள் சாப்பிடுவது ரொட்டி. அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்யும் என்ற உறுதி வந்ததும் 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போயிற்று. அதைக் காப்பாற்ற 2009ல் நடவைத் தள்ளிப் போடச் சட்டம் கொண்டு வந்தார்கள், அறுப்பும் தள்ளிப் போயிற்று, கோதுமை விதைக்க நேரம் இல்லாமல் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், டெல்லி மூச்சு முட்டுகிறது. 1966ல் பஞ்சாபிலிருந்து பிரிந்த ஹரியானாவில் குர்கான் பக்கம் 1983ல் மாருதி காரை ஓட விட்டது, இன்றைக்குத் தலா வருமானத்தில் ஹரியானா எங்கேயோ இருக்கிறது. டெல்லி பக்கத்தில் இருந்தது ஹரியானாவுக்கு அதிர்ஷ்டம், பாகிஸ்தான் எல்லையும் எண்பதுகளின் தீவிரவாத ரத்தமும் பஞ்சாபுக்குத் துரதிர்ஷ்டம், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இரண்டு பயிருக்கு மட்டும் உறுதியான விலை கொடுத்து, அடுத்த தலைமுறைக்கு வேறு வேலை உண்டாக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பஞ்சாப் சாட்சி. அங்கத்துப் பையன்கள் நிலத்தை விற்று கனடா போகிறார்கள்.

பெரியவரிடம் இதைச் சொன்னால் "வெலயும் இல்ல, நெலையான வேலையும் இல்ல, நம்ம பையனுக்கு ரெண்டுமே இல்லையே தம்பி" என்பார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது, அவர் சொல்வது சரி.

2027ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 2011க்குப் பிறகு முதல் தடவையாகத் தலைகளை எண்ணப் போகிறார்கள். வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் எந்த வேலை என்று கேட்பார்கள். ஒரகடத்துப் பையனை ஒரகடத்தில் தொழிற்சாலை ஊழியர் என்று எழுதுவார்கள், அவன் அனுப்பும் மூவாயிரத்தில் நடக்கும் வயல் இங்கே அவன் அம்மா பெயரில் வரும், நட்டுவிட்டுப் போன வங்காளப் பையன் அன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறானோ அங்கே வருவான். என் கணிப்பைச் சொல்லி வைக்கிறேன். தமிழ்நாட்டில் பயிரிடுவோர் 42 லட்சத்திலிருந்து நன்றாகவே குறைந்திருப்பார்கள், கூலிகளும் இந்தத் தடவை குறைவார்கள், மிச்சம் இருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருப்பார்கள். "விவசாயத்திலிருந்து வெற்றிகரமாக வெளியேறிய மாநிலம்" என்று அன்றைக்குத் தலைப்பு போடுவார்கள். அப்போதும் ஒன்றாம் தேதி என் போனில் பணம் விழுந்துகொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.